பாட்டியின் பஸ்

"பாட்டி, அது நம் பஸ் இல்லை!"

மும்பை சயான் நிறுத்தத்தில், பெஸ்ட் என்னும் நகரப் பஸ்ஸின் நெற்றியிலிருந்த தேவநாகரி எண்ணைப் படித்துச் சொன்னாள் பேத்தி. பாட்டி தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

யார் கற்றுக்கொடுத்தது என்று அவளிடம் கேட்டேன்.

"பாட்டிக்குப் படிக்கத் தெரியாதே, அத்தை. நான்தான் பார்க்க வேண்டும்."

அவள் அம்மாவுக்கோ அலுப்பு. தினமும் சாக்லெட் லஞ்சம் கொடுத்தும் ஏழாம் வாய்ப்பாடு நகரவில்லையாம்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரில், பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் பிறகு வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் அப்படிக் குறைக்கவில்லை.

வாய்ப்பாட்டின் மேல் யாருக்கும் பிறவி ஆசை கிடையாதுதான். ஆனால் பாட்டி தாராவியில் இட்லி விற்கிறார். கணக்கைப் பேத்தியிடம் விட்டுப்பாருங்கள் என்றேன்.

"கணக்கு உதைத்தால் நீங்கள் தருவீர்களா, அக்கா?" என்றார் அம்மா.