பிடோக் ஏரியில் ரப்பர் தவளை

சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு தயிர் டப்பாவையும் பழைய கரண்டியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அடுக்குமாடி புளோக்கின் பின்பக்கம் செடிகளுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. பத்தே நிமிடத்தில் ஏழு மண்புழு. மறுநாள் காலையில் அக்கா பையனோடு மீன் பிடிக்கப் போவதாக ஏற்பாடு. அவனுக்குப் பன்னிரண்டு வயது. நானோ சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரையில் வளர்ந்தவன். மாமன் யாரென்று பையனுக்குக் காட்டிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு.

அங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகிறது. வருஷம் முழுக்க அப்படித்தான். ஐந்து மணிக்கே விழித்துவிட்டு, இருட்டில் காபி குடித்துக்கொண்டு, புழுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று நாலு தடவை டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

பிடோக் நீர்த்தேக்கம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளமாம். அதை ஏரியாக்கி 1986இல் திறந்திருக்கிறார்கள். சுற்றிவரும் பாதை 4.3 கிலோமீட்டர். நாங்கள் போன நேரத்தில் பாதி ஊர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் மரத்தடியில் கையை மெதுவாக வீசி உடற்பயிற்சி செய்தார்கள். தண்ணீரில் நீளமான டிராகன் படகு ஒன்று போனது. முன்னால் ஒருவர் மேளம் தட்ட, பின்னால் இருபது பேர் தாளம் தப்பாமல் துடுப்புப் போட்டார்கள். கரையில் ஓர் உடும்பு அத்தனை பேரையும் பொருட்படுத்தாமல் வெயில் காய்ந்தது. எங்கள் ஊரில் அது இவ்வளவு நிம்மதியாகப் படுத்திருக்க வாய்ப்பே இல்லை.

மீன் பிடிக்க அனுமதி உள்ள இடத்துக்கு மட்டும் பலகை வைத்திருக்கிறார்கள். மற்ற இடத்தில் தூண்டில் போட்டால் அபராதம். பையன் இடத்தைப் பார்த்து நின்று கம்பை விரித்தான். நான் பெருமையாக டப்பாவைத் திறந்தேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "மாமா! மூடுங்க, மூடுங்க. இங்க புழு போடக் கூடாது."

"ஏன்டா, மீன் புழு திங்காதா?"

"நாம குடிக்கிற தண்ணி மாமா இது."

சரிதான். சுற்றிலும் இருக்கிற அடுக்குமாடிக் கூரையிலும் சாலையிலும் பெய்கிற மழை கால்வாய் வழியாகக் குளங்களில் சேர்ந்து, அங்கிருந்து இந்த ஏரிக்கு வருகிறது. பிறகு சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். இப்படி 17 நீர்த்தேக்கங்கள். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிக்கும் பகுதி. அக்கா வீட்டில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறார்கள். முதல் நாள் நான் கேன் தண்ணீர் எங்கே என்று தேடியதை நினைத்துக்கொண்டேன். ஆகவே இந்த ஏரியில் உயிருள்ள இரைக்கு இடமில்லை, செயற்கை இரை மட்டும்தான். பையன் தன் பெட்டியைத் திறந்தான். பளபளக்கும் தகர மீன், வால் ஆட்டும் பிளாஸ்டிக் மீன், கடைசியாகப் பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் தவளை.

எனக்குத் தெரிந்த தூண்டில் என்பது மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை. தக்கை முங்கும்வரை உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இது வேறு. வீசு, ரீலைச் சுற்று, கம்பு நுனியை லேசாக வெட்டி இழு, மறுபடி வீசு. உட்காரவே முடியாது. என் முதல் வீச்சு பின்னால் இருந்த மரக்கிளையில் மாட்டியது. இரண்டாவது வீச்சும் அதே கிளை. பையன் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

கொஞ்சம் தள்ளி ஒரு சீனப் பெரியவர் வீசிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கம்பு வளைந்தது. ரீல் கதறியது. ஐந்து நிமிடம் இருக்கும், கரைக்கு வந்த மீனைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அசல் விரால்! அதே பாம்புத் தலை, அதே உருண்ட உடம்பு. ஆனால் என் கை நீளம்.

"தோமான், மாமா," என்றான் பையன். விரால் சாதிதான், பெரிய பங்காளி. ஒரு மீட்டரைத் தாண்டியும் வளருமாம். பெரியவர் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கினார், பையன் ஒரு படம் எடுத்தான், அடுத்த நிமிடம் மீன் தண்ணீருக்குள். எனக்கு வயிறு எரிந்தது. கிலோ எவ்வளவு போகும்! வாங்கிக் குழம்பு வைக்க எத்தனை பேர் நிற்பார்கள்! அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு மறுபடி வீசப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் பையன் கையை நீட்டினான். தண்ணீர் மேல் சிவப்பாகக் கொதிப்பதுபோல் ஒரு வட்டம். விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடிக்கின்றன. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் இதைப் பார்த்துவிட்டால் விடமாட்டோம். குஞ்சு நடுவில் தவளையைப் போட்டால் தாய் கோபத்தில் பாய்ந்து கவ்வும். அதை நான் ஒரு வித்தைபோலச் சொல்லிக் காட்டினேன். பையன் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்புறம் குஞ்சை யாரு பாத்துப்பா?" என்றான். அந்தப் பக்கம் வீசவில்லை.

எனக்குக் கடைசியாக மாட்டியது உள்ளங்கை அகலத்தில் ஒரு மயில் பாஸ். மஞ்சள் உடம்பு, வாலடியில் தங்க வளையம் போட்ட கறுப்புப் பொட்டு. தென் அமெரிக்க மீன். யாரோ கொண்டுவந்து விட்டதில் இங்கே பெருகிவிட்டது. அதற்கென்ன, நம் ஜிலேபி மீன் மட்டும் உள்ளூரா? ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு 1952இல்தான் வந்து சேர்ந்தது. சிங்கப்பூருக்கு ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலேயே வந்துவிட்டது. கையை நனைத்து, கொக்கியைக் கழற்றி, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மீனைத் திரும்ப விட்டேன். அது நன்றியெல்லாம் சொல்லவில்லை. வாலால் என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

அக்கா போன் செய்தாள். "மீன் கிடைச்சுதா? மசாலா அரைக்கவா?" நான் பையனைப் பார்த்தேன். இருவரும் ரயில் ஏறினோம். பிடோக் நீர்த்தேக்க நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே வண்டி. தேக்கா சந்தையில் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கியாயிற்று.

வீடு திரும்பும்போது புளோக் அடியில் டப்பாவைக் கவிழ்த்தேன். ஏழு புழுவும் உயிரோடுதான் இருந்தன. பையனிடம் ஊர் மீன்பிடித் திருவிழாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும், பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளும் வலையுமாகச் சுத்துப்பட்டு ஊரே ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்கும். எவனும் காசு வாங்க மாட்டான். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன்குழம்புதான்.

"தண்ணியே தீந்துடுமா?" இந்த ஒன்றைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. அவன் ஏரி வற்றிப் பார்த்ததில்லை.

"தீந்தாத்தானேடா மீன்."

அவன் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான். "எனக்கு ஜூன்ல லீவு மாமா. அப்ப வரவா?"

"ஜூன்ல வந்தா கண்மாய்க்குள்ள கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பானுங்க. பேட்டை எடுத்துட்டு வா."