தண்டையார்பேட்டை மாடியில் 16 புள்ளிகள்

நேற்று மாலைதான் கடைசி அளவை எடுத்து முடித்தேன். எம்.இ. ஆய்வுக்காக, எங்கள் வீட்டு மாடியில் வெயிலில் நீரைச் சூடாக்கும் 2 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடு ஒன்றை, அத்தகைய தகடுகளுக்கான பன்னாட்டுச் சோதனைத் தரமான ஐ.எஸ்.ஓ. 9806 முறைப்படி சோதித்தேன். தொட்டி, பம்பு, குழாய் இணைப்பு எல்லாம் இரண்டே நாளில் முடிந்தன. மற்றவை இரண்டு மாதத்தைத் தின்றன.

முதல் அடி, வெயிலின் அளவைக் காட்டும் பைரனோமீட்டரில் விழுந்தது. அதன் அளவுத்திருத்தச் (காலிபரேஷன்) சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. மறுபடி திருத்தி வாங்க, மெட்ரோவில் கிண்டியிலுள்ள ஆய்வகம் வரை கருவியைச் சுமந்துபோனேன். அங்கிருந்த எழுத்தர் என் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "துறைத் தலைவர் முத்திரை எங்கே தம்பி?" என்று திருப்பிக் கொடுத்தார். முத்திரையோடு மறுவாரம் போனால், "பழைய சான்றிதழின் நகல் வேண்டுமே" என்றார். முதல் நாளே இரண்டையும் சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறவில்லை எனக்கு. போகுமுன் தொலைபேசியில் கேட்டு, தேவையான தாள்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி வந்த பிறகு ஒருநாள் தகட்டின் செயல்திறன், அதாவது விழும் வெயிலில் நீரைச் சூடாக்கும் பங்கு, திடீரென்று ஏறியது. மகிழ்ந்துபோனேன். மறுநாள் பார்த்தால் பைரனோமீட்டரின் கண்ணாடிக் குமிழ்மேல் உப்புப் படலம். வெயிலைக் குறைத்துக் காட்டியதால் செயல்திறன் கூடியதுபோல் தெரிந்திருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் தினமும் காலையில் குமிழைத் துடைத்தாக வேண்டும்.

வெப்பநிலை சென்சார்களையும் நம்பிவிடாதீர்கள். நிமிடத்துக்கு 2.4 லிட்டர் நீர் ஓடும்போது, சூடான நீரை உள்ளே விட்டால் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் வித்தியாசம் 4 டிகிரி அளவில்தான் இருக்கும். அதில் அரை டிகிரி பிழை என்றால் செயல்திறனில் பத்து சதவீதத்துக்கும் மேல் பிழை. இரண்டு சென்சார்களையும் ஒரே வாளி நீரில் அமிழ்த்தி ஒப்பிட்ட பிறகே பொருத்துங்கள்.

உண்மையான எதிரி கடற்காற்று. வெயிலும் காற்றும் அதிகம் மாறாதபோது மட்டுமே அளக்கும் நிலையான நிலை முறையில் நுழைவு வெப்பநிலை 4 படிகள், படிக்கு 4 அளவுகள், ஆக 16 அளவீட்டுப் புள்ளிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் நிலைப்படுத்தி, 10 நிமிடம் அளக்க வேண்டும். அதற்குள் வெயிலோ காற்றோ வரம்பு மீறினால் அந்தப் புள்ளி வீண். தகடு நிலையாக இருப்பதால், வெயில் ஏறக்குறைய நேராக விழுவது பதினொன்று முதல் ஒன்றரை வரைதான். எங்கள் பக்கத்தில் பன்னிரண்டரைக்கே காற்று வந்துவிடும். கொடியில் காயும் அம்மாவின் புடவை படபடத்தால் பம்பை நிறுத்த வேண்டியதுதான். மூன்று வாரத்தில் தேறியவை 9 புள்ளிகள்.

பிறகுதான், வெயிலும் காற்றும் மாறிக்கொண்டிருக்கும்போதும் அளக்கக்கூடிய குவாசி டைனமிக் முறைக்கு மாறினேன். அதில் காற்றின் வேகமும், தகடு தேக்கிவைக்கும் வெப்பமும், சாய்ந்து விழும் வெயிலும் சமன்பாட்டிலேயே உறுப்புகளாக வந்துவிடுகின்றன. மேகம் வந்துபோகும் நாளும் பயன்படும். நாள் முழுவதும் பதிவுசெய்து, பல்மாறித் தொடர்புப் போக்கால் (ரிக்ரெஷன்) அந்தச் சமன்பாட்டின் கெழுக்களைப் பெறலாம். சிதறிய வெயிலைத் தனியே அளக்க இன்னொரு பைரனோமீட்டரும், அதன்மேல் நேர் வெயில் படாமல் மறைக்கும் நிழல் வளையமும் தேவைப்பட்டன. மறுபடியும் கிண்டி! இந்த முறை முத்திரை, நகல் இரண்டோடும் போனேன். பத்தே நிமிடத்தில் ரசீது கிடைத்தது.

கெழுக்களைக் கணக்கிடப் பயன்படுத்தாத ஒரு நாளை வைத்து நேற்று இரவு அந்தச் சமன்பாட்டைச் சோதித்தேன். புடவை படபடத்த அந்த மதியத்திலும் கணித்த வெளியேற்ற வெப்பநிலை, அளந்ததிலிருந்து அரை டிகிரிகூட விலகவில்லை.