அவெக் செசி? லியோனில் நான் பிரெஞ்சு பேசத் தொடங்கிய கதை

முதுகலைப் படிப்புக்காகப் பிரான்சின் லியோனில் போய் இறங்கியபோது என் கையில் பிரெஞ்சுக்கான ஏ2 சான்றிதழ் (தொடக்க நிலைகளில் இரண்டாவது) இருந்தது. இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் பிழையில்லாமல் எழுதுவேன். மூன்றாம் நாள் காலை ஒரு ரொட்டிக் கடையில் அந்தச் சான்றிதழின் மதிப்பு தெரிந்துவிட்டது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போன வாக்கியத்தைச் சொல்லி ஒரு பகெத் (நீள ரொட்டி) கேட்டேன். கடைக்காரம்மா அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே "அவெக் செசி?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இதோடு?’ என்று அர்த்தம். வேறு என்ன வேண்டும் என்று கேட்கிறார், அவ்வளவுதான். எந்தப் பாடத்திலும் அது எனக்கு வந்ததில்லை. "வீ" (ஆமாம்) என்று தலையாட்டினேன். அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன், பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அவரே ஆங்கிலத்துக்கு மாறினார். காது சுடச்சுட வெளியே வந்தேன்.

அதன்பின் நான்கு மாதம் நான் பிரெஞ்சு பேசவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். படிப்பு ஆங்கில வழி. உடன் படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டவர்கள். பிரெஞ்சு நண்பர்களோ என் முதல் தடுமாற்றத்திலேயே கருணையோடு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அந்தக் கருணைதான் பெரிய இடைஞ்சல். அந்த மாதங்களில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: எதைக் கேட்பதற்கு முன்பும் "பொன்ஜூர்" (வணக்கம்) சொல்ல வேண்டும். கடைக்காரரிடமும் சரி, பஸ் ஓட்டுநரிடமும் சரி, அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால் முகம் இறுகிவிடும். அவர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதை தவறியது என் பக்கம்.

போன் என்றால் இன்னும் பயம். அங்கே தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துச் சொல்வார்கள். 97 என்பது அவர்கள் கணக்கில் ‘நான்கு இருபது பத்து ஏழு’. "காத்ர்" என்று காதில் விழுந்ததும் 4 என்று எழுதுவேன், அடுத்த நொடி அடிப்பேன், அதற்குள் அடுத்த இரண்டு எண்கள் போயிருக்கும். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் தொண்ணூறுக்கு ‘நோனாந்த்’ என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எல்லை தாண்டிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. (தொண்ணூறுக்குள் ஒரு நூறை ஒளித்துவைத்திருக்கும் நாம் பெரிதாகக் குறை சொல்ல முடியாதுதான்.)

ஜனவரியில் ஒரு சின்னத் திருப்பம். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு நான் படித்தது "ஜ ந சே பா". காதில் விழுவதோ "ஷே பா". இவர்கள் சொற்களை விழுங்குகிறார்கள் என்று ஒரு நண்பனிடம் எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘போயிட்டிருக்கேன்’ என்று பேசுகிறவர்கள் நாம். நம் எழுத்துத் தமிழை மட்டும் படித்துவிட்டு வந்த ஒருவர் நம் தெருவில் எப்படி முழிப்பாரோ, அப்படித்தான் நான் முழித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரெஞ்சு வராமல் இல்லை. பேச்சுப் பிரெஞ்சைப் படிக்கவில்லை.

அதுவரை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் யோசித்து மாற்றிக்கொண்டிருந்தேன். தமிழை ஒட்டிப் பார்க்கத் தொடங்கியதும் பல முடிச்சுகள் தானாக அவிழ்ந்தன. ‘த்யூ’வும் ‘வூ’வும் நம் நீயும் நீங்களும். ‘லே’யும் ‘அமி’யும் சேர்ந்தால் நடுவில் ஓர் ஒலி தோன்றி ‘லேஸமி’ ஆகிறது. ‘அ’வும் ‘இல்’லும் சேர்ந்து கேள்வியாகும்போது இடையில் ஒரு ‘த்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. மணியும் அடித்தானும் மணியடித்தான் ஆவதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம்? ப, த, க ஒலிகளை மூச்சுக் காற்று தள்ளாமல் சொல்வதும் நமக்கு இயல்பாகவே வரும், ஆங்கிலேயர்கள்தான் அதற்குப் பாடுபடுவார்கள்.

ஆனால் தமிழ் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கவில்லை. மீனுக்கு ஒரு சொல், விஷத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘புவாசோன்’தான். என் சிக்கலே அதுதான். மீனில் வருவது சாதாரண ‘ஸ’, விஷத்தில் வருவது வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி. அந்த ரீங்காரத்தைக் கற்றுக்கொண்ட புதிதில் கண்ட இடமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு விலை கொடுத்த இடம், வாரம் ஒரு மாலை உதவப் போன உணவு வழங்கும் தொண்டு அமைப்பு. ஆங்கிலம் தெரியாதவர்கள் இருக்கும் இடமாகத் தேடித்தான் அங்கே சேர்ந்தேன். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். என்னை டின்கள் வைத்த மேசையில் நிறுத்தினார்கள். வீட்டில் எத்தனை பேர், பீன்ஸா பட்டாணியா, பால் வேண்டுமா என்று ஒரே நான்கைந்து கேள்விகளை ஒரு மாலையில் அறுபது முறை கேட்க வேண்டும். இருபதாவது முறைக்குப் பிறகு இலக்கணம் மண்டையை விட்டு வாய்க்கு இறங்கிவிடும். இரண்டாம் வாரம் ஒரு பெரியவரிடம் மிகுந்த மரியாதையோடு "கொஞ்சம் விஷம் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இன்னும் அந்த நிலைமை வரவில்லை" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குக் காது சுடவில்லை.

பக்கத்து மேசை அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். என் பிழைகளை அவர் திருத்தியதே இல்லை. நான் தப்பாகச் சொன்னதையே தன் பதிலுக்குள் சரியாக வைத்துத் திருப்பிச் சொல்லுவார், அவ்வளவுதான். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள், இனி ‘த்யூ’ என்றே பேசிக்கொள்வோமே என்றார். அங்கே அது நெருக்கத்தின் அடையாளம், மறுத்தால் மனம் நோகும். எனக்கோ பாட்டி வயதுக்காரரை ‘நீ’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு வாரம் ‘த்யூ’வும் வேண்டாம் ‘வூ’வும் வேண்டாம் என்று வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசினேன். நான் செய்ததிலேயே கடினமான இலக்கணப் பயிற்சி அதுதான்.

வீட்டில் செய்தது அதிகமில்லை. பிரான்சின் சர்வதேச வானொலியான ஆர்எஃப்ஐயில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி வரும், எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். முதலில் கேட்பேன், அப்புறம் செய்தியாளரின் வாலைப் பிடித்துக்கொண்டே கூடவே சத்தமாகச் சொல்வேன். ஆங்கிலத்துக்குத் தாவும் நண்பர்களுக்காக ‘தப்பானாலும் பிரெஞ்சிலேயே பேசலாமா?’ என்ற ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். சொன்னதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஜூனில் டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் திறன் தேர்வில் ஏ2-க்கு அடுத்த நிலையான பி1-உம் எழுதினேன். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25. வாசிப்பில் 22, பேச்சில் 13. தேர்ச்சிக்கு மொத்தம் 50-உம் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 5-உம் இருந்தால் போதும் என்பதால் தப்பித்தேன். அந்த 13 என்னைப் பற்றிய நியாயமான மதிப்பீடுதான்.

ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்தேன். வீட்டின் நிலையைக் குறித்துக் குடிவந்தபோது எழுதிய பட்டியலும் போகும்போது எழுதியதும் ஒத்துப்போனால் ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டுக்காரரோ தரையில் இருந்த ஒரு கறைக்காகப் பிடித்தம் செய்யப் போவதாகக் கடிதம் போட்டார். அந்தக் கறை நான் குடிவந்த நாளிலேயே பட்டியலில் ஏறியிருந்தது. முன்பென்றால் யாரையாவது விட்டுப் பேசச் சொல்லியிருப்பேன். கோபத்தில் நானே போனை எடுத்துவிட்டேன்.

தேதி, பக்க எண் எல்லாம் சொன்னேன். பத்தொன்பது, எண்பது எதுவும் தடுக்கவில்லை. "ல தாஷ்…" என்று கறையைப் பற்றி ஆரம்பித்ததும் அவர் குறுக்கிட்டார். கறை பிரெஞ்சில் பெண்பால், ‘லா’ போட வேண்டும்; நான் போட்ட ‘ல’ ஆண்பாலுக்கு.

"லா தாஷ்" என்று திருத்தினார்.

"சரி, லா தாஷ். ஆனால் அவள் எனக்கு முன்பே அங்கே இருந்தாள்" என்றேன்.

மூன்று வாரத்தில் பணம் முழுதாக வந்தது.