கம்பெனிக்காகச் சொன்ன பொய்

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஃபோக்ஸ்வேகன் டீசல் வழக்கின் ஆவணங்களை மறுபடி எடுத்துப் படிக்கிறேன். 2015 செப்டம்பரில் வெடித்த விவகாரம். உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள். சோதனைக் கூடத்தில் ஓடுகிறோம் என்று தெரிந்தால் மட்டும் புகையை அடக்கும் மென்பொருள். ரோட்டில் இறங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை.

என்னை உலுக்குவது ஜேம்ஸ் லியாங் என்ற எஞ்சினியர். 1983 முதல் அதே கம்பெனி. 2017 ஆகஸ்டில் அவருக்கு 40 மாதச் சிறை, 2 லட்சம் டாலர் அபராதம். பேராசையால் செய்யவில்லை, முதலாளி மேல் வைத்த தவறான விசுவாசத்தால் செய்தார் என்றார் வக்கீல். தண்டனையைக் குறைக்கக் கேட்ட வாதம்தான். ஆனால் நான் அதை அப்படியே நம்புகிறேன்.

மார்ச் 6, வியாழன்

வயிற்றைக் கலக்கிய இடம் இது. விற்ற கார்கள் சிலவற்றில் பாகங்கள் சீக்கிரமே பழுதாகின. கார் ரோட்டிலும் சோதனை முறையிலேயே ஓடுகிறதோ என்று எஞ்சினியர்களுக்குச் சந்தேகம். சோதனைக் கூடத்தில் உருளைமேல் ஓடும் காரில் சக்கரம் சுற்றும், ஸ்டியரிங்கை யாரும் திருப்ப மாட்டார்கள். ஆக, ஸ்டியரிங் கோணத்தைப் பார்த்து, இது கூடமா ரோடா என்று கண்டுபிடிக்கும் வசதியை மென்பொருளில் சேர்த்தார்கள். வாடிக்கையாளர்களை வரச்சொல்லி, காரை மேம்படுத்துகிறோம் என்று சொல்லியே அந்த மென்பொருளை ஏற்றினார்கள்.

கார்களில் இதை ஏற்றியது, ரோட்டில் ஓடும் கார்களின் புகையை அளந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு 2014 மே மாதம் முடிவுகளை வெளியிட்டு, காற்றுமாசு அதிகாரிகள் கேள்வி கேட்க ஆரம்பித்த காலத்தில். (அந்தக் குழுவின் அரவிந்த் திருவேங்கடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.) உட்கார்ந்து பேசி, நிரல் எழுதி, சோதித்துப் பார்த்து, பிழை திருத்தியிருக்கிறார்கள். நல்ல எஞ்சினியர் வேலை செய்யும் அதே சிரத்தை.

மார்ச் 9, ஞாயிறு

ஒரகடத்தில் நான் முன்பு இருந்த தொழிற்சாலை. மறுநாள் கஸ்டமர் ஆடிட், அதாவது எங்களிடம் பொருள் வாங்கும் கம்பெனி வந்து சோதிக்கும் நாள். லைனில் மூத்தவர் ஒருவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், அன்றன்றே அளவு எடுத்து எழுதவேண்டிய, ஆனால் விடுபட்ட செக்‌ஷீட்களை ராத்திரி ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் பேனாவை மாற்றுவார். அளவுகளைக் கடைசி இலக்கத்தில் கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதுவார். ஓவர்டைம் கிடையாது. ஒரு நட்டுகூட வீட்டுக்கு எடுத்துப் போகாத மனுஷன்.

ஏன்ணா என்று கேட்டேன். "தம்பி, என் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்ப கம்பெனிதான் பணம் கட்டுச்சு. நாளைக்கு அவங்க தலை குனியலாமா?"

எலிசபெத் அம்ஃப்ரெஸ், ஜான் பிங்கம், மரீ மிட்செல் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் இதுதான். கம்பெனியைத் தன்னோடு ஒன்றாக நினைப்பவர், வாங்கியதற்குத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும் என்றும் உறுதியாக நம்பினால், அதற்காகத் தப்பு செய்யத் துணியும் வாய்ப்பு கூடுகிறது. நமக்கு இது புதிதா? இராவணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வளர்த்தவனுக்காகப் போருக்குப் போன கும்பகர்ணனை நினைத்து உருகுகிறவர்கள் நாம். அவனாவது முதலில் வாய் திறந்தான்.

லஞ்சத்தைப் பிடிக்க யாருக்குப் பணம் போனது என்று தேடலாம். அண்ணனை அப்படித் தேடினால் அகப்பட மாட்டார்.

மார்ச் 12, புதன்

2015 ஆகஸ்ட் 19. கலிபோர்னியாவின் எல் மாண்டியில் அதிகாரிகளோடு கூட்டம். மேலிடம் சொல்லாதே என்று சொல்லியிருந்ததை மீறி, ஃபோக்ஸ்வேகன் ஊழியர் ஒருவர் அந்த மென்பொருள் பற்றிய உண்மையைச் சொன்னார். அதே சமயத்தில் ஜெர்மனியில் சுமார் 40 பேர் ஆவணங்களை அழித்தார்கள். அழித்ததும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. கம்பெனி 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது, குற்றவியல் அபராதம் மட்டும் 280 கோடி டாலர். நிறுவனத்துக்கு நல்லது செய்தவர் எல் மாண்டியில் வாய் திறந்தவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போதைய வேலையிடத்தில் அடுத்த வாரம் ஆடிட். இரண்டு மெஷினுக்கு ஒரே ஆள் என்பதால் சில ஷிப்டுகளில் அளவு எடுக்கவில்லை. அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும் என்று பசங்களிடம் சொல்லிவிட்டேன், மேனேஜருக்கும் மெயில் போட்டாயிற்று. ஒரு என்.சி., அதாவது விதிப்படி இல்லை என்ற குறிப்பு, எழுதுவார்கள். எழுதட்டும். காரணத்தைச் சொல்லி, இன்னொரு ஆளைக் கேட்டு வாங்கி, அந்த என்.சி.யை முடித்துவிடலாம்.