ஜிப்சி ஆக்சில் வேலை – இதுவரை

எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள், லோ ரேஞ்சில் வேகத்தை 4.16 மடங்கு குறைக்கும் கியர் ஏறிவிட்டது. பின் ஆக்சில் முடிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டது. முன் ஆக்சில் மட்டும் பாதி பிரித்தபடி ஸ்டாண்டில் கிடக்கிறது. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான சேற்றுப் பாதைப் போட்டிகளை மனதில் வைத்துக் கட்டும் வண்டி இது. என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று நடுவழியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். முடிந்த பிறகு எழுதினால் காரணங்களெல்லாம் மறந்து, படங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

வண்டி 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி, 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் எஞ்சின். 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் டார்க். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் துணிக்கூரை ஜிப்சி கம்பெனியிலிருந்து வந்தபோது ஒரு டன்கூட இருக்கவில்லை. சேற்றில் எடைதான் முதல் எதிரி. அதனால்தான் பெரிய டீசல் வண்டிகள் வயிறு தட்டி நிற்கும் இடத்தில் ஜிப்சி ஏறிப் போகிறது. பிரச்சினை அதற்கு அப்புறம் வருகிறது. எஞ்சினுக்குச் சக்தி போதாது என்று கியரை இறக்குவோம். டயரைப் பெரிதாக்குவோம். இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரன்ஷியலைப் பூட்டுவோம். மூன்றும் சேர்ந்தால் சுமை முழுக்க சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பின் தலையில்தான் விழும்.

முதலில் கியர் கணக்கு. கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மி.மீ. நான் போட்டிருப்பது 31 இஞ்ச், அதாவது 787 மி.மீ. டயர் மாற்றியதிலேயே கியரிங் 18 சதவீதம் மேலே போய்விட்டது, அதாவது அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி அவ்வளவு வேகமாக ஓடும், இழுவை குறையும். முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸில் மெதுவாக ஏறுவதற்கான லோ ரேஞ்ச் 2.268, ஆக்சிலின் நடுவில் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கர ஜோடி 43க்கு 11 பல், அதாவது 3.909. மூன்றையும் பெருக்கினால் 32 சொச்சம். எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் ஐடிலில் ஓடும்போது, 31 இஞ்ச் டயரோடு வண்டி மணிக்கு 3.7 கி.மீ. வேகத்தில் நகரும். கல் மேல் சக்கரத்தை வைத்து நிதானமாக ஏற்ற இது ரொம்ப வேகம். கிளட்சை அரைகுறையாக மிதித்தபடியே ஏற்ற வேண்டியிருக்கும், அதுவும் வெந்துபோகும். லோ ரேஞ்சை 4.16 ஆக்கினால் மொத்தப் பெருக்கல் 59ஐத் தாண்டும். அதே ஐடிலில் வேகம் 2 கி.மீ. ஆகிவிடும். ஹை ரேஞ்சும் 12 சதவீதம்போல இறங்குவதால் பெரிய டயர் தின்ற அளவில் பெரும்பங்கு திரும்பக் கிடைத்துவிடுகிறது.

செலவு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய 970 சிசி ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை 1.58, லோ 2.511. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் எப்போதாவது ஒன்று மாட்டும். அதைப் போட்டால் இரண்டு ரேஞ்சிலும் 11, 12 சதவீதம் இறங்கும். ஜாலிக்குக் காடு சுற்ற அது தாராளம். போட்டிக்குப் பத்தாது என்பது என் கணிப்பு. அதே பழைய வண்டியின் 4.11 கிரவுன் பினியனுக்கும் சிலர் ஆசைப்படுகிறார்கள். கிடைப்பது 5 சதவீதம்தான், அதற்காக ஆக்சிலைப் பிரிப்பது வீண் வேலை.

கியர் இறங்கினால் டார்க் எங்கே போகிறது என்றும் பார்க்கவேண்டும். பழைய லோ ரேஞ்சில் டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டு வெளியே வருவது அதிகபட்சம் சுமார் 850 நியூட்டன் மீட்டர். இப்போது 1,560. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது, நடுவில் ஒரு குட்டி ஜாயிண்ட் ஷாஃப்ட். இவ்வளவு டார்க் வந்தால் கேஸ் மொத்தமும் முறுக்கிக்கொண்டு எழும்பி ரப்பரைக் கிழித்துவிடும். அதனால் கியர் போட்ட கையோடு சேஸியிலிருந்து நான்காவதாக ஒரு பிடி கொடுத்தாயிற்று. கியர் வாங்குகிற பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். என்னைக் கேட்டால் மவுண்ட்தான் முதலில், கியர் அப்புறம்.

பின் ஆக்சிலுக்கு வருவோம். முன்பு ஒடிந்த இடதுபக்க ஷாஃப்டைக் கணபதியில் இருக்கும் லேத் பட்டறை அண்ணனிடம் எடுத்துப்போயிருந்தேன். அவர் ஒடிந்த முகத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகம் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தது. அதற்குச் சற்று முன்னால் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து திருகியிருந்தன. "இது பழசாகி ஒடஞ்சதில்லைங்க தம்பி. கீறல் விட்டு ஒடஞ்சிருந்தா அலை அலையா கோடு தெரியும். இது முறுக்கிப் போட்டதுங்க" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கீறல் வளர்ந்து உடைந்தால் கடற்கரை மணல்போல வரிவரியாகத் தடம் இருக்கும். கடினமாக்கியது அதிகமாகி மொறுமொறுப்பானால் 45 டிகிரியில் சுருளாக உடையும். நெகிழ்வான எஃகு முறுக்குத் தாங்காமல் போனால்தான் இப்படித் தட்டையாகப் போகும். ஆக, இரும்பில் குறையில்லை. தாங்கும் அளவைத் தாண்டிச் சுமை வந்திருக்கிறது.

வந்தது எஞ்சினிலிருந்து அல்ல, டயரிலிருந்து. சேற்றில் சுற்றும் சக்கரம் ஷாஃப்டை ஒன்றும் செய்யாது, பிடிப்பே இல்லையே. அதே சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சேற்றுக்கு அடியில் ஒரு பாறையைக் கவ்வினால், சுற்றிக்கொண்டிருக்கும் எல்லாமும் ஒரே நொடியில் நிற்கவேண்டும். அந்த அடி முழுக்க ஷாஃப்டில் இறங்கும்.

புதிய பின் ஷாஃப்டுகள் இஎன்24 என்ற உறுதியான எஃகில் கடைந்தவை. ஹீட் ட்ரீட்மெண்ட் வெளியே கொடுத்துச் செய்தது. நடுத்தண்டை ஸ்ப்ளைனின் அடிவிட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி மெலிதாக்கச் சொன்னேன். கேட்பவர்கள் எல்லாம் "மெலிசாக்கினா எப்படிங்க வலுவாகும்?" என்றுதான் கேட்கிறார்கள். தண்டு தடியாக இருந்தால் முறுக்கு முழுக்க ஸ்ப்ளைன் தொடங்கும் அந்த ஒரு விரல் நீளத்திலேயே குவிந்துவிடும். தண்டையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தால் முழு நீளமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்ப்ளைன் முடியும் இடத்தில் கூர்மையான படி இல்லாமல் வளைவாகக் கடைவதும் முக்கியம்.

பின் டிஃப்ரன்ஷியலை வெல்ட் அடித்தே பூட்டிவிட்டேன். போட்டிக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு இதைவிட மலிவான லாக்கர் கிடையாது. உள்ளே இருக்கும் குட்டிப் பற்சக்கரங்களான ஸ்டார் கியரையும் சைடு கியரையும் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சூடேற்றி, காயவைத்த 7018 வெல்டிங் ராடால் அடித்து, மணலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டோம். கசடு ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் பேரிங் காலி, அதனால் வெல்டிங்கைவிடச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. திரும்பப் பூட்டும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டையும் மாறி மாறித் திருகி, டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவில் உள்ள தளர்வு) 0.13க்கும் 0.18 மி.மீ.க்கும் நடுவில் நிற்கும்வரை விடவில்லை. கிரவுனைச் சுற்றி நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் சரியாக இருந்து எதிர்ப்பக்கம் இறுகினால் கிரவுன் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

சாலையில் இப்படி ஓட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்து கீச்சிடும். எப்படியும் இந்த வண்டி சாலையில் ஓடாது. வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கும்போது இந்த மாற்றங்களோடு ரோட்டில் போக முடியாது, லாரியில் ஏற்றித்தான் போகவேண்டும்.

முன் ஆக்சிலில்தான் என் யோசனை முழுக்க ஓடுகிறது. ஜிப்சியின் முன்பக்கப் பலவீனமே, சக்கரம் திரும்பும்போதும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் உருண்டை மூட்டான பிர்ஃபீல்டு ஜாயிண்ட்தான். நேராகப் போகும்போது ஆறு உருண்டைகளும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிவிட்டால் ஓரிரு உருண்டைகள்தான் எல்லாவற்றையும் தாங்கும், கூடு விரிசல் விடும். முழுத் திருப்பத்தில் ரிவர்ஸ் போட்டு அழுத்துவது பிர்ஃபீல்டுக்கு எமன். இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளில் இருக்கும் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று வெளியே எடுத்து, கடைசி சில டிகிரி திரும்பாதபடி நிறுத்திவிடலாம். திருப்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

அதோடு பிர்ஃபீல்டையும் உறுதியான குரோமோலி எஃகு ரகத்துக்கு மாற்றுகிறேன். ஆனால் ஷாஃப்டைச் சக்கரத்தோடு பூட்டவும் விடுவிக்கவும் வெளியே இருக்கும் லாக்கிங் ஹப்பை மாற்றப்போவதில்லை. இதில்தான் நண்பர்களோடு சண்டை. பிர்ஃபீல்டு போட்டால் ஹப்பை எடுத்துவிட்டு நிரந்தரமாகப் பூட்டிவிடும் ஃபிளாஞ்ச் தட்டு போடு, இல்லாவிட்டால் ஹப் உடையும் என்கிறார்கள். உடையட்டும் என்பதுதான் என் பதில். எங்கேயாவது ஒன்று உடையத்தான் போகிறது. ஆக்சிலுக்குள் உடைந்தால் சேற்றில் படுத்து, நக்கிளைக் கழற்றி, கருப்பு கிரீஸில் முழங்கைவரை குளித்து எழ வேண்டும். ஹப் உடைந்தால் ஆறு போல்ட், மாற்று ஹப், கிளம்பிவிடலாம். பெட்டியில் இரண்டு பழைய ஹப் எப்போதும் இருக்கும். மாற்ற நேரமில்லாவிட்டாலும் அந்த ஒரு சக்கரம்தான் சும்மா சுற்றும், பின்னால் பூட்டிய ஆக்சில் இழுத்துக்கொண்டு வந்துவிடும். பின்பக்கத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஷாஃப்ட் உள்ளே ஒடிந்தால் துண்டு சைடு கியருக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் படுத்தும். அதனால்தான் காசைப் பின் ஷாஃப்டில் போட்டேன், முன்னால் பலவீனத்தை வெளிப்பக்கம் தள்ளினேன்.

முன் டிஃப்ரன்ஷியலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லஞ்ச்பாக்ஸ் லாக்கர். ஸ்டார் கியர் இருந்த இடத்திலேயே உட்காரும் வகை என்பதால் கிரவுன் பினியன் செட்டிங்கைத் தொடவேண்டியதில்லை. வேண்டும்போது மட்டும் காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கர் வேண்டுமென்று ஆசைதான். பட்ஜெட் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்குக்கு மேலே வளையாமல் தாங்கும் டிரஸ் சட்டம் வைத்து வெல்ட் ஆகிவிட்டது. ஒரே இழுப்பில் அடித்தால் குழாய் சூட்டில் வாழைப்பழமாக வளைந்துவிடும். இங்கே ஒரு இஞ்ச், அந்தப் பக்கம் ஒரு இஞ்ச், ஆறவிட்டு மறுபடியும் என்றுதான் அடித்தோம். உள்ளே நேரான தண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தோம், ஒவ்வொரு சுற்றுக்கும் அது கையால் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய்கள் இரண்டும் எஞ்சின் அறைவரை ஏறிவிட்டன. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, கம்பெனி பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும்.

இப்போது மீதி இருப்பது இடது நக்கிள். நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின் பேரிங்குக்கு ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) சரியாக அமையவில்லை. ஸ்ப்ரிங் தராசை டை ராடு ஓட்டையில் மாட்டி இழுத்தால் வலதுபக்கத்தைவிட இலேசாகத் திரும்புகிறது. ஒரு ஷிம் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அதைப் பூட்டி, ஃபெல்ட் சீலை மாற்றி, பின் பிரேக் டிரம்மில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, மதுக்கரைப் பக்கம் நண்பர் இடத்தில் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கவேண்டும். சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சின் வயரிங்கை அதற்கு அப்புறம்தான் தொடுவேன்.