இமை வீங்கினால் வீடே டாக்டர்

காலையில் ஒரு கண் இமை வீங்கியிருந்தால் பல் தேய்ப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "சூட்டுக் கட்டி" என்று பாட்டி நாமக்கட்டியை இழைப்பார். "ராத்திரி பூரா மொபைல்" என்பது அம்மா கட்சி. அப்பா போன வருஷம் திறந்த சொட்டு மருந்தோடு வருவார். முதலில் அதைப் பிடுங்கி வையுங்கள். திறந்து ஒரு மாதம் ஆனாலே தூக்கிப் போட வேண்டியது. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண் அழுத்தம் வேறு ஏறும்.

கேட்க வேண்டியது: வலியா, அரிப்பா?

இமை ஓரத்தில் ஒரே புள்ளியில் தொட்டால் சுரீரென்றால் பெரும்பாலும் கண்கட்டி. வலியில்லாமல் இமைக்குள் பட்டாணி போல உருண்டை வாரக்கணக்கில் இருந்தால் சலேசியான், அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பி. இரண்டுக்கும் வெந்நீர் ஒத்தடம்தான்: 10 நிமிஷம், நாளுக்கு 4 தடவை. துணி இரண்டே நிமிஷத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைத்துப் பிழிய வேண்டும். ஆறின துணியை வைத்துக்கொண்டு "கேட்கவே மாட்டேங்குது" என்பவர்கள்தான் அதிகம். பிதுக்கவே கூடாது.

அரிப்பு என்றால் துப்பறியும் வேலை. நேற்று சாப்பிட்ட கத்தரிக்காயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நகப்பூச்சைப் பாருங்கள். விரலுக்கு ஒன்றும் ஆகாது, அந்த விரலால் தேய்த்த இமை வீங்கும். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். தலைச்சாயம் இன்னும் கள்ளன். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும், சரியாகக் கல்யாண போட்டோ எடுக்கிற அன்றைக்கு. சிலருக்கு இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை, ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரையாலும் வீங்கும். பிரஷர் மாத்திரை வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்டதாயிற்றே என்று அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விட்டுவிடக் கூடாது.

குழந்தைக்கு வலியும் அரிப்பும் இல்லாமல், தினமும் காலையில் இரண்டு இமையும் உப்பி, சாயங்காலம் வடிந்தால் "நல்லா தூங்கியிருக்கான்" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது சிறுநீரகச் சமாச்சாரமாக இருக்கலாம்.

காய்ச்சலோடு கண்ணை அசைத்தால் வலி, விழி பிதுங்கல், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், இல்லை உதடு நாக்கும் சேர்ந்து வீங்கி மூச்சு முட்டுதல் என்றால் ஒத்தடமெல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

மற்றபடி டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும், வீக்கம் உச்சத்தில் இருந்தபோது எடுத்த போட்டோவையும் கொண்டுபோங்கள். பல வீக்கங்கள் டோக்கன் வாங்கி உட்காருவதற்குள் வடிந்துவிடும். போட்டோவுக்கு ஃபில்டர் வேண்டாம்.