கடைசிப் பதினொரு பக்கங்கள்

நானுஓயாவில் புகையிரதம் நின்றபோது, எதிரில் அமர்ந்திருந்த அக்காவின் மகன் புத்தகத்தினிடையே விரலை வைத்துக்கொண்டு, "மாமா, இன்னும் பதினொரு பக்கம்தான் இருக்கு" என்றான்.

விளையாட்டு விதிகளின்படி இயங்கும் மாய உலகில் நடக்கும் ஒரு நகைச்சுவைச் சாகசத் தொடரின் இறுதித் தொகுதி அது.

மடியில் ஒரு கொப்பியும் இருந்தது. முதல் தொகுதியிலிருந்தே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எஞ்சியிருக்கும் உயிர்ப்புள்ளிகளை, அடிபடும்போது குறைத்து, மருந்து குடிக்கும்போது கூட்டி, பென்சிலால் எழுதி வந்திருக்கிறான். மந்திரம் குறி தவறி நண்பர்களையே தவளையாக்கிவிடும் கிழவியின் பெயருக்கு எதிரே 3 என்றிருந்தது. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு பரப்பிய வழக்கம் இது: வீரனின் உயிரும் திறமையும் எண்களாகும், 20 முகப் பகடை உருண்டு நின்ற பிறகே வாள் பட்டதா என்பது தெரியும். தாயம் விழக் காத்திருந்து வளர்ந்த நமக்கு இது அந்நியமானதல்ல. பகடை எவருக்கும் சலுகை காட்டாததால்தான் இக்கதைகளில் சிரிப்பு இயல்பாகப் பிறக்கிறது. ஆனால், இத்தனை தொகுதிகளாகச் சிரிக்க வைத்த அதே தவறுதல் இறுதித் தொகுதியில் உயிரைப் பறிக்கக்கூடும் என்னும்போது, சிரித்த வாசகனே மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். நகைச்சுவைத் தொடர்களை இலேசானவை என்று ஒதுக்குவோருடன் நான் உடன்படாதது இதனால்தான்.

பட்டிப்பொலையைக் கடந்து சுரங்கப்பாதை இருளுக்குள் நுழைந்தபோது அவனுக்கு ஒரு பக்கம் மிச்சமிருந்தது.

வெளிச்சம் திரும்பியதும் அதை வாசித்து முடித்தான். பிறகு, கிழவிக்கு எதிரே இருந்த 3ஐ அழிக்காமல் கொப்பியை மூடினான்.